பன்னிரண்டாவது வரியில் கொறற்றி

1

அழுத்தியிருக்க வேண்டிய ஒரு பொத்தானை நான் அழுத்தவில்லை. இந்தக் கதையை எழுத அதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இடம், ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சிற்றூரின் விளையாட்டு அரங்கம். நேரம், கடந்த ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. பெண்கள் கூடைப்பந்து, அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். மைதானத்தின் பக்கவாட்டில் போட்டிருந்த மேசையில் உட்கார்ந்து நான் ஆட்டத்தாள் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

"கொறற்றி எழுந்தபோது அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டு..."

அரங்கம் அப்படி எதையும் அடக்கவில்லை. வந்திருந்தது நாற்பது பேர். அவர்களில் பாதிப் பேர் வாசலில் கேக் விற்கும் மேசையைச் சுற்றி நின்றார்கள். அடித்துவிட்டேன்.

பிறகு:

"யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஐந்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனிக்கு வந்த சிறுமி ஒருத்தி, பின்னாளில்..."

இந்த வாக்கியத்தின் ஜெர்மன் வடிவம் எங்கள் வட்டாரப் பத்திரிகையில் மூன்று முறை வந்துவிட்டது. மூன்றாவது முறை அதைப் படித்துவிட்டுக் கொறற்றி அக்கா சொன்னார்: "இவையளுக்கு நான் எப்பவும் அஞ்சு வயசுதான்." அவருக்கு இப்போது நாற்பத்துநான்கு. இதையும் அடித்துவிட்டேன்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது மேசை மட்டும்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன். கொஞ்சம் விதிமுறை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதை அதன் மேல்தான் நிற்கிறது.

2

இங்கே கீழ்நிலை லீக்குகளில் மேசை வேலைக்கென்று தனி ஆட்கள் கிடையாது. எந்த விளையாட்டு மன்றத்தின் அரங்கில் ஆட்டமோ, அந்த மன்றமே ஆள் தர வேண்டும். பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் முறை வைத்து உட்காருவோம். என் மகள் அங்கே சேர்ந்த வருடம் என்னையும் பிடித்தார்கள். இரண்டு சனிக்கிழமை வகுப்பு, கடைசியில் ஒரு தேர்வு. மகள் ஆறே மாதத்தில் நீச்சலுக்குப் போய்விட்டாள். நான் மேசையை விட்டு எழவில்லை. கார்க் கதவுப் பூட்டுகளைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். ஒரு பூட்டு எப்போது விழும், எப்போது விழ மறுக்கும் என்று நாள் முழுக்கப் பார்க்கிற ஒருவனுக்குக் கூடைப்பந்தின் விதிப்புத்தகம் பிடித்துப்போனதில் வியக்க ஒன்றுமில்லை.

பக்கத்தில் உட்காருபவர் கிறிஸ்ரியன், ஓய்வுபெற்ற தபால்காரர், இந்த ஊர்க்காரர். கடிகாரம் அவருடையது, தாள் என்னுடையது. இருவருக்கும் நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் கூரை அதிர ஹாரன் அடிக்கும்.

தாளில் ஓர் அணிக்குப் பன்னிரண்டு வரி. பெயர், எண், பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். ஒரு வீராங்கனை முதன்முதலாக உள்ளே இறங்கும்போது அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவேன். அவர் வெளியே வரும்போது போட எந்தக் குறியும் இல்லை. புத்தகம் முழுக்கத் தேடிவிட்டேன். உள்ளே போனதற்குத்தான் சாட்சி உண்டு. வெளியே வந்ததைத் தாள் கண்டுகொள்வதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஆட்டத்தை நிறுத்தி அணியோடு பேச நேரம் கேட்கும் உரிமை பயிற்சியாளருக்கு. ஆனால் ஆள்மாற்றுக் கேட்கும் உரிமை பயிற்சியாளருக்கு இல்லை. உள்ளே போக வேண்டிய ஆளே தன் காலால் மேசைக்கு நடந்து வந்து, தன் வாயால் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் நாற்காலியில் காத்திருக்க வேண்டும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்ற முடியாது. நடுவரின் விசில் ஊதி ஆட்டம் நின்றதும் நான் ஹாரன் அடிப்பேன், அவர் உள்ளே போவார். பந்து மறுபடி ஒருவர் கைக்குப் போய்விட்டால் அந்த வாய்ப்புப் போயிற்று, அடுத்த விசில் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. கேட்டதைத் திரும்பப் பெறலாம். ஹாரன் அடிக்கும் வரை.

[என் மனைவி இதுவரை படித்துவிட்டு, "இது கதையா, கார் மேனுவலா?" என்று கேட்டாள். இன்னும் ஒரு பக்கம் பார் என்றேன். ஒரு பக்கம்தான், எண்ணுவேன் என்றாள்.]

3

கொறற்றி அக்காவின் உயரம் ஒரு மீட்டர் எண்பத்தொன்று. பதினாறு வயதில் இரண்டாம் லீக், இருபதில் முதல் லீக். பதினொரு பருவம், மூன்று ஊர்கள். மாதச் சம்பளத்துக்கு ஆடியவர். பந்தை மேலே கொண்டு வந்து, யாருக்கு எப்போது என்று முடிவு செய்கிற இடம் அவருடையது. பழைய காணொளிகளைத் தேடிப் பார்த்தேன். பந்தைக் கொடுத்த பிறகும் அவர் கை ஒரு கணம் அப்படியே நிற்கும், பந்து போய்ச் சேர்ந்ததைக் கையே உறுதிசெய்துகொள்வதுபோல.

"அவர் ஒரு சிறுத்தையைப் போல..." — இல்லை. அவர் ஓடுவது சிறுத்தையைப் போல இல்லை. பேருந்து வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பே நிறுத்தத்துக்கு வந்துவிடுகிற ஆளைப் போல. அவசரமே இல்லாமல், எப்போதும் முதலாவதாக.

முப்பத்தொன்றாவது வயதில், வெளியூர் ஆட்டம் ஒன்றின் மூன்றாம் பகுதியில், குதித்து இறங்கினார். யாரும் இடிக்கவில்லை. முழங்காலுக்குள்ளே இரண்டு நார்கள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகும். தொடை எலும்பும் கால் எலும்பும் முன்னும் பின்னும் வழுக்காமல் பிடித்திருப்பவை அவைதான். முன்னால் இருக்கும் நார் அறுந்தது. ஐஸ் குச்சி முறிகிற சத்தம் கேட்டதாம். வலி அப்புறம்தான் வந்ததாம். அவர் தன் காலாலேயே நடந்து வெளியே வந்து, பயிற்சியாளரிடம் இரண்டு விரலைக் காட்டி, இரண்டு நிமிடம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். இரண்டு அறுவை, ஒன்றரை வருடம், பிறகு பயிற்சியாளர் உரிமங்கள் ஒவ்வொன்றாக. முதலில் பத்து வயதுப் பிள்ளைகள், பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் அணி. எங்கள் மன்றத்துக்கு அவர் மிகப் பெரிய ஆள். அவருக்கு எங்கள் மன்றம் சிறிதா என்று ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

4

மேசையில் நான் தனியாகத் தாள் எழுதிய முதல் நாள் நடந்த பேச்சு இது. நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"அக்கா, உங்க பேரு ரெண்டு எடத்துல வருது. கோச் எடத்துலயும் இருக்கு, ப்ளேயர் லிஸ்ட்லயும் இருக்கு."

"ரெண்டும் நான்தானே. எழுதுங்கோ."

"ரூல்ல இடம் இருக்கா?"

"அணிக்குத் தலைவியா இருந்தா ஆடுறவளே பயிற்சியும் குடுக்கலாம். நீங்கள்தானே புத்தகம் படிச்ச ஆள்."

"அப்ப இன்னிக்கு ஆடப் போறீங்களா?"

"ஏலாது தம்பி. முழங்கால் விடாது."

"அப்புறம் எதுக்கு?"

"பன்ரண்டு கோடு கிடக்குது, எனக்குப் பதினொரு பிள்ளையள். வெறுங்கோடு வடிவில்லை."

கிறிஸ்ரியன் எங்கள் முகத்தைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு, ஜெர்மனில் சொன்னார்: "எழுது, வசந்த். நாலு வருடமாக நானும் எழுதினேன். கட்டம் காலியாகவே இருக்கும். மை மிச்சம்."

அந்தப் பருவம் முழுக்க எழுதினேன். பன்னிரண்டாவது வரி, எண் ஏழு, கொறற்றி. உள்ளே ஆட்டச் சட்டையைப் போட்டு, மேலே பயிற்சி ஜாக்கெட்டைக் கழுத்து வரை மூடிக்கொண்டு, வியர்த்து வழிய ஓரத்தில் நின்று கத்துவார். சட்டை போடாதவர் இறங்க முடியாது என்பது விதி.

ஜனவரியில் ஓர் ஆட்டம் முடிந்து பெஞ்சுகளை இருவருமாக அடுக்கிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"நீங்கள் நினைக்கிறியள், எனக்கு இன்னும் ஆட ஆசை எண்டு."

"இல்லையா?"

"ஆடினது காணும், போதும். எனக்கு வெளியில வரவேணும்."

எனக்குப் புரியவில்லை. பெஞ்சின் மறுமுனையைத் தூக்கியபடியே விளக்கினார்.

"அண்டைக்கு ரெண்டு நிமிசம் எண்டு சொல்லிப்போட்டு வந்து இருந்தனான். அந்த ரெண்டு நிமிசம் இன்னும் முடியேல்லை. ஒருக்கா உள்ளுக்குப் போய், பிறகு நானாத் தீர்மானிச்சு, ஹாரன் அடிக்க, வாற பிள்ளையின்ர கையில தட்டிப்போட்டு வெளியில வரவேணும். அவ்வளவுதான். வெளியில வாறதெண்டால் முதல் உள்ளுக்கு நிக்கவேணுமெல்லோ?"

"அப்ப போயிடுங்கக்கா. ஒரு நிமிஷம் போதுமே."

"பகிடியே விடுறியள்? டொக்டர் என்ன சொன்னவர் தெரியுமோ? இன்னொருக்கா அறுந்தால் படியேறவும் ஏலாது எண்டு."

பெஞ்சை வைத்தோம். "மற்றப் பக்கம் தூக்குங்கோ" என்றார்.

[இந்த இடத்தில் அவர் கண் கலங்கியதாக எழுதி அடித்திருக்கிறேன். கலங்கவில்லை. கலங்கியது யாருக்கு என்பது இங்கே தேவையில்லாத தகவல்.]

5

மார்ச்சில் லைப்சிக்கிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டாம் லீக் பெண்கள் அணி, தலைமைப் பயிற்சியாளர், முழுநேர வேலை. பன்னிரண்டு வருடமாக அவர் இதற்குத்தான் உழைத்தார், மறுக்க யோசிக்கவும் இல்லை. ஆனால் அங்கே ஒப்பந்தம் பயிற்சியாளராக மட்டும். ஆடும் உரிமத்தை எங்கள் மன்றத்திடமே விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் பெயரை ஆடுபவராக எழுத எந்த ஊரிலும் ஒரு தாள் இருக்காது.

ஆகவே, வாசகரே, நிலைமை இதுதான். இறங்கினால், பதின்மூன்று வருடம் காத்திருந்தது கிடைக்கலாம், அல்லது ஊன்றுகோலோடு லைப்சிக் போக நேரலாம். இறங்காவிட்டால் இனி ஒருபோதும் இல்லை.

ஆட்டத்துக்கு முன் தாளைச் சரிபார்க்க மேசைக்கு வந்தார். தன் வரியில் விரலை வைத்தார்.

"இண்டைக்குப் பாப்பம்," என்றார்.

அவர் போனதும் கிறிஸ்ரியன் சொன்னார்: "முழங்காலுக்கு நாற்பத்துநான்கு, அவளுக்கு இருபது. யார் சொல்வதை யார் கேட்பது?"

6

கடைசிப் பகுதி. எங்கள் அணி பதினெட்டுப் புள்ளி முன்னால். ஆட்டத்தின் முடிவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, கேக் மேசையில் விலை பாதியாகிவிட்டது. கடிகாரத்தில் இரண்டு நிமிடம் முப்பத்தொரு விநாடி இருக்கும்போது கொறற்றி அக்கா ஜாக்கெட்டைக் கழற்றி பெஞ்சில் போட்டுவிட்டு மேசையை நோக்கி நடந்து வந்தார்.

ஜெர்மனில், முறைப்படி, "ஆள்மாற்று வேண்டும். எண் ஏழு" என்றார். பிறகு தமிழில், தாழ்ந்த குரலில்: "கேட்டாச்சு, தம்பி."

நாற்காலியில் உட்கார்ந்தார்.

பந்து ஓடிக்கொண்டிருந்தது. சாதாரணமாக அரை நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது நடந்து ஆட்டம் நிற்கும். ஒருவர் இடிப்பார், பந்து கோட்டுக்கு வெளியே போகும். அன்று போகவில்லை. எறிந்தார்கள், விழவில்லை, பிடித்தார்கள், ஓடினார்கள், விழுந்தது, உடனே எடுத்து ஓடினார்கள். கோட்டுக்கு அரை முழம் உள்ளே ஒரு பந்தை ஒருத்தி பாய்ந்து காப்பாற்றினாள். வேறு எந்த நாளிலும் நான் கைதட்டியிருப்பேன்.

ஒரு நிமிடம் ஐம்பது விநாடி இப்படியே ஓடியது. அந்த நேரம் முழுக்க அவர் ஒரு சொல் கத்தவில்லை. அதற்கு முன் முப்பத்தேழரை நிமிடமும் ஓயாமல் கத்தியவர். உள்ளே இருந்த பெண்களில் ஒருத்தி வழக்கம்போல ஓரத்தைப் பார்த்து, "அடுத்து எந்த ஆட்டமுறை?" என்று கேட்டாள். அங்கே ஆள் இல்லை. தேடிப் பார்த்தாள். பயிற்சியாளர் நாற்காலியில், முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, ஒரு குதிகால் துள்ளத் துள்ள, பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்று ஆட்டக்காரர் எல்லோரும் அப்படித்தான் உட்காருவார்கள். அந்தப் பெண் ஏதோ புரிந்தவளாகத் திரும்பித் தன் விருப்பப்படி ஆடினாள்.

"நிக்காது போல," என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

"நிக்கும்க்கா."

"நிக்காட்டிலும் பறவாயில்லை."

அவர் பக்கவாட்டு முகம் எனக்கு ஒரு கை தூரத்தில். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று ஆறு மாதமாக முயல்கிறேன். "ரயில் நிலையத்தில் நிற்கும்..." இல்லை. "திருமணத்துக்கு முந்தின..." இல்லவே இல்லை. விட்டுவிடுகிறேன். ஆட்டம் பார்க்கும் முகம், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்திருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நாற்பத்தொரு விநாடி மிச்சமிருக்கும்போது விசில் ஊதியது.

அக்கா எழுந்தார்.

இங்கே என் தவறு. முதல் வரைவில், பொத்தான் சிக்கிக்கொண்டது என்று எழுதியிருந்தேன். பொத்தான் சிக்கவில்லை, அது நல்ல பொத்தான். நடுவர் ஃபவுல் செய்தவரின் எண்ணை விரலில் காட்டினார், நான் தாளில் குறித்தேன், நிமிர்ந்தேன். உடனே அழுத்தியிருக்க வேண்டும், கேட்டவர் வேண்டாமென்று சொல்லாதவரை வேறு யோசனைக்கே இடமில்லை. ஆனால் அவர் எழுந்து, என் பக்கமும் திரும்பாமல் மைதானத்தின் பக்கமும் திரும்பாமல் நின்றார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மூத்தவர் ஒருவர் பேச வாயெடுத்தால் நாம் செய்துகொண்டிருப்பதை நிறுத்துவோமே, அப்படி நிறுத்திவிட்டேன். ஹாரன் அடித்துவிட்டால் அவரால் பின்வாங்க முடியாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அது தெரியாத ஒருவன் அழுத்தியிருப்பான்.

"ஹாரனை அடி!" என்றார் கிறிஸ்ரியன். "அடி, மனுசா!"

அவர் ஏன் அழுத்தவில்லை என்று கேட்காதீர்கள். யாரிடம் கேட்டார்களோ அவர்தான் அழுத்த வேண்டும் என்று எனக்குக் கற்றுத் தந்ததே அவர்தான்.

நடுவர் பந்தைக் கொடுத்துவிட்டார். ஆட்டம் ஓடியது. நாற்பத்தொரு விநாடியும் எங்கேயும் நிற்காமல் ஓடி முடிந்தது.

7

வாகனம் நிறுத்துமிடத்தில், பந்துப் பையைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"அக்கா, ஸாரி. நான் அமுக்கல."

"ஓம், கண்டனான்."

"நீங்க உள்ள போக எழுந்தீங்களா, இல்ல வேணாம்னு சொல்ல எழுந்தீங்களா?"

"இந்தப் பையைப் பிடியுங்கோ ஒருக்கா," என்றார். பிடித்தேன். கதவைச் சாத்தினார். "நீங்கள் கதை எழுதுற ஆளெல்லோ?"

"ஆமா."

"அப்ப எழுதுங்கோவன். எழுதிப்போட்டு எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ, எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும்."

சிரித்தார். கோபமாகத் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இந்தக் கதை தேவைப்பட்டிருக்காது.

8

எழுதிவிட்டு, அக்டோபரில் ஒரு ஞாயிறு மதியம் லைப்சிக்குக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

முதல் முடிவில் ஹாரன் அடிக்கிறது. பன்னிரண்டாவது வரிக் கட்டத்தில் நான் குறி போடுகிறேன். அவர் இறங்கி, ஒரே ஒருமுறை பந்தைத் தொட்டு, சரியான ஆளுக்கு அனுப்புகிறார். அடுத்த விசிலில் தானே கையுயர்த்தி வெளியே வருகிறார். வருகிற பெண்ணின் கையில் தட்டுகிறார்.

"உது சரிவராது," என்றார் உடனே. "நாப்பத்தொரு செக்கனுக்குள்ள இன்னொருக்கா ஆட்டம் நிக்கவேணுமெல்லோ? ஆர் நிப்பாட்டினது?"

"யாராவது ஃபவுல் பண்ணியிருக்கலாமேக்கா."

"என்ர பிள்ளையள் பதினெட்டுப் புள்ளி முன்னுக்கு நிண்டுகொண்டு ஃபவுல் போடமாட்டினம். மற்றதை வாசியுங்கோ."

இரண்டாம் முடிவில் அவர் என் பக்கம் திரும்பி, "வேண்டாம், தம்பி" என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட்டைப் போட்டுக் கழுத்து வரை மூடிக்கொள்கிறார்.

 வாசித்து முடித்துத் தாளைக் கீழே வைத்தேன்.

"அது ஆரோ ஒரு நல்ல மனுசி," என்றார். "நானில்லை."

"அப்ப எழும்பும்போது என்னக்கா நெனச்சீங்க?"

"நினைக்க முதலே எழும்பீட்டன், தம்பி. விசில் கேட்டால் எழும்புற உடம்பு இது. எழும்பின பிறகுதான், இனி என்ன செய்யிறது எண்டு பாத்தனான். நீங்களும் பாத்துக்கொண்டு நிண்டியள். அதுக்குள்ள பந்தைக் குடுத்திட்டாங்கள்."

நான் வைத்திருந்த இரண்டு முடிவுகளுக்கும் இந்தப் பதிலில் இடம் இல்லை. மூன்றாவது ஒன்று எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றார். இந்த முறை உண்மையாகவே அந்தச் சொல்லைச் சொன்னார். பிறகு: "நான் அந்தக் கதிரையில காத்துக்கொண்டு இருந்த இடம் இருக்கெல்லோ. அதை இன்னொருக்கா வாசியுங்கோ."

"முழுசாவா?"

"விசில் மட்டும் வேண்டாம். அதுக்கு முதல் நிப்பாட்டுங்கோ."

[இரண்டு முடிவுகளையும் கோடு போட்டு அடித்திருக்கிறேன், படிக்கும்படியாகத்தான். உங்களுக்கு ஒன்று பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பிடிக்காவிட்டால் அந்த நாற்பத்தொரு விநாடி உங்களுடையது. விதிகளைச் சொல்லிவிட்டேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். நான் அங்கே திரும்பிப் போக மாட்டேன்.]

ஆறாம் பகுதியைத் திருப்பி, அவர் ஜாக்கெட்டைக் கழற்றும் இடத்திலிருந்து வாசித்தேன். கேட்டார், உட்கார்ந்தார், பந்து ஓடிக்கொண்டிருந்தது. எறிந்தார்கள், விழவில்லை, பிடித்தார்கள், ஓடினார்கள். மறுமுனையில் பின்னணியில் யாரோ பந்து தட்டும் சத்தம் கேட்டது. அவர் அரங்கத்தில் இருந்துகொண்டுதான் பேசுகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பயிற்சி தொடங்க நேரமாகியிருக்கும்.

"அக்கா, நீங்க போகணும்னா..."

"வாசியுங்கோ," என்றார். "கொஞ்சம் மெல்லமா."